சீரியலை விட வேண்டாம், நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள்

வணக்கம். வேலை முடிந்து வந்து முறுக்கு டப்பாவோடு சீரியல் பார்க்க உட்கார்ந்தால் இரவு மணி இரண்டாகிவிடுகிறது, அடியோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு வருகிறவருக்குக் கொஞ்ச நேரம் தமிழ் காதில் விழுவது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2008 அக்டோபரில் சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் தனி ஒளிவழியானதிலிருந்து எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே அதன் முன்னால்தான்.

உங்களைத் தூங்கவிடாதது கடைசிக் காட்சியில் போடுகிற முடிச்சு. பெரும்பாலும் அது அடுத்த பகுதியின் முதல் சில நிமிடங்களிலேயே அவிழ்ந்துவிடும். அதனால் பகுதி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அடுத்ததைத் தொடங்கி, முடிச்சு அவிழ்ந்து கதை சற்றுத் தணிந்ததும் நிறுத்திப் பாருங்கள், மனசு அடங்கிவிடும். அப்புறம், யூடியூபிலோ நெட்ஃபிளிக்ஸிலோ பார்ப்பதாக இருந்தால், அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

முறுக்கை டப்பாவோடு எடுக்காமல் தட்டில் நாலு வைத்துக்கொண்டால் போதும். மிச்சக் கதையை மறுநாள் வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் பார்க்கலாம். ஆனால் அங்கே முறுக்கு வேண்டாம், சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம்.