டிரெய்லர் மாட்டினால் பிக்கப்பின் டெயில்கேட் இடிக்கிறது, வெட்டிவிடலாமா?

வெட்ட வேண்டாம். வெட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

டிரெய்லரை மாட்டியபின் டெயில்கேட்டை, அதாவது பிக்கப்பின் பின்கதவைத் திறந்தால் டிரெய்லரின் முன்பக்கத்தில் இடிக்கிறது, நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடலாமா, இல்லை கதவையே கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லைதான்.

நான் இருப்பது டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். தென்னாப்பிரிக்காவில் பிக்கப்புக்குப் பெயர் பக்கி. நம் ஊரில் ஒருவனைப் பக்கி என்றால் சண்டைக்கு வருவான். இங்கே பக்கி வைத்திருப்பவனைத் தெருவே தேடி வரும். ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்குள்ள தமிழர்கள் 'போரிஜ் பிரேயர்ஸ்' என்பார்கள். அதற்கு அண்டாவும் அடுப்பும் என் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியில் போகும், மேசை நாற்காலி டிரெய்லரில் போகும். கோயில் வாசல் நெரிசலில் டிரெய்லரைக் கழற்ற இடம் இருக்காது. அப்படியே டெயில்கேட்டைத் திறந்தால் ஜாக்கி வீலின், அதாவது கழற்றிய டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியில் 'டங்' என்று மோதும்.

ஒரு பட்டறையில் யோசனை கேட்டேன். கதவின் மேல்விளிம்பில் நடுவே அரைவட்டமாக வெட்டித் தருகிறோம் என்றார்கள். வெட்டியும் தந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

டெயில்கேட் என்பது ஒற்றைத் தகடு அல்ல. உள்தகடு, வெளித்தகடு இரண்டையும் சேர்த்து மடித்த விளிம்புதான் அதற்கு முதுகெலும்பு. நடுவில் இருக்கும் கைப்பிடியிலிருந்து இரண்டு கம்பிகள் இடமும் வலமும் போய் தாழ்களை இழுக்கும். நடுவில் வெட்டினால் விளிம்பும் போச்சு, கைப்பிடியும் போச்சு. அதற்குப் பதிலாகப் பட்டறையில் இரண்டு பக்கமும் வீட்டுக் கதவுக்குப் போடுவது மாதிரி தாழ்ப்பாள் வைத்தார்கள். டொங்காட் போகும் வழியில் என்2 நெடுஞ்சாலையில் இடப்பக்கத் தாழ்ப்பாள் அதிர்ந்து அதிர்ந்து கழன்று, கதவு ஒருபக்கமாகத் தொங்கி, அண்டாவின் மூடி ரோட்டில் உருண்டது. பின்னால் வண்டி வராதது அம்மன் புண்ணியம். தப்பித்ததும் கொஞ்ச காலம்தான். டர்பன் கடற்காற்று வெட்டிய விளிம்பின் வழியே உள்ளே புகுந்து, ஒரே வருடத்தில் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிட்டது.

எதிர்வீட்டு அண்ணா நாலாம் தலைமுறைத் தமிழர், தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கதவை ஏன் வெட்டினே தம்பி, வீலைத் தள்ளி வைக்கலாமே?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் டேப் எடுத்து அளந்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். கீலிலிருந்து டெயில்கேட்டின் மேல்விளிம்பு வரை 50 செ.மீ. திறந்து கிடையாக இருக்கும்போது அவ்வளவு தூரம் பின்னால் நீட்டும். கீலிலிருந்து டோபார் பந்து (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கம்பியில் உள்ள உருண்டை) 28 செ.மீ., பந்திலிருந்து ஜாக்கி வீலின் தண்டு 18 செ.மீ. ஆக மொத்தம் 46. வெறும் 4 செ.மீ. இடைஞ்சலுக்காக ஒரு நல்ல கதவைக் கெடுத்திருக்கிறேன்.

ஜாக்கி வீலைப் பிடித்திருக்கும் கிளாம்பை 20 செ.மீ. பின்னால் தள்ளி மாட்டினோம். வேலை தீர்ந்தது. தள்ள இடமில்லை என்றால், கிளாம்பைத் தளர்த்தி ஜாக்கி வீலை உருவி டிரெய்லருக்குள் போட்டுவிடலாம். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஹேண்ட்பிரேக் லீவரும் இடிக்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். வெட்டிய கதவுக்குப் பதில் வேறொன்றை ஸ்க்ராப் யார்டில் வாங்கினேன். ஹைலக்ஸ் இங்கே டர்பன் ப்ராஸ்பெக்டனிலேயே தயாராவதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

டோபாரை நீட்டச் சொல்பவர்களும் உண்டு. யோசித்துச் செய்யுங்கள். டிரெய்லரின் மூக்கு 80 கிலோ அழுத்துகிறது, வண்டியின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால் முன் சக்கரங்களிலிருந்து 32 கிலோ குறையும். 1.5 மீட்டர் என்றால் 40 கிலோ. முன்பக்கம் லேசாக ஆக ஸ்டியரிங் பிடிமானமும் குறையும், டிரெய்லர் ஆடினால் வண்டியையும் சேர்த்து ஆட்டும்.

கதவைக் கழற்றி ஓட்டுவது? டிரெய்லர் மட்டும்தான், பக்கியில் சரக்கே இல்லை என்றால் சரி. கதவின் கைப்பிடியில் ரிவர்ஸ் கேமரா இருந்தால் வயரைக் கழற்ற மறக்காதீர்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கதவு மூடியிருந்தால் பக்கியின் சரக்குத் தொட்டிக்குள் காற்று சுழன்றுகொண்டிருக்கும், வெளிக்காற்று அதற்கு மேலேயே வழுக்கிப் போய்விடும்.

உண்மையிலேயே வேறு கதவு தேவைப்படுவது, பந்து தொட்டிக்குள்ளேயே பின் அச்சுக்கு மேல் இருக்கும் கூஸ்நெக் வகை டிரெய்லருக்குத்தான். டிரெய்லரின் கழுத்து கதவுக்கு மேலாக வருவதால், மேடு பள்ளத்தில் அதில் இடிக்கும். அதற்கென்றே நடுவில் பள்ளம் விட்டுச் செய்த கதவு உண்டு. அதை மாட்டிக்கொண்டு அசல் கதவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கிளாம்பைத் தள்ளும்போது ஒரு விஷயம்: டிராபாரில், அதாவது டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பியில் புதிதாகத் துளை போடாதீர்கள். மொத்த இழுவையும் அந்தக் கம்பியில்தான். யூ-போல்ட் போட்டு இறுக்கினால் போதும், முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.