ஒரே வீட்டில் இரண்டு ஸ்குவாடா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஸ்கூல் விட்டு வந்தால் போனில் பி.ஜி.எம்.ஐ. என்கிற துப்பாக்கிச் சண்டை கேம்தான். சாப்பிடக் கூப்பிட்டால் “இரும்மா, இந்த மேட்ச் முடியட்டும்” என்பான். அரை மணி நேரம் ஆகும். போனைப் பிடுங்கினால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டான். என் கணவரும் அதே கேம் ஆடுவார். ஆனால் அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, டென்ஷன் குறைய, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கொஞ்ச நேரம்தான். ரம்மி மாதிரிப் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடினால் நெட் இழுக்கிறது என்று அவரவர் ரூமிலிருந்து கத்திக்கொள்வது வேறு. இப்போது எல்லோரும் என்னென்ன கேம் ஆடுகிறார்கள்? கெடுதல் இல்லாததாக ஒன்று சொன்னால் அதற்கு மாற்றிவிடுவேன்.

- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கேம் பெயர் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. “இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடினால்.”

கணவர் ஆடுவது பதினோரு மணிக்கு மேல் என்று அதற்குச் சற்று முன்னால்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டிய பையனும் பதினோரு மணிக்கு மேல் விழித்துக்கொண்டு ஆடுகிறான். உங்களுக்கும் தெரியும், அவன் அப்பாவுக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையின் குரல் கேட்கிறது, கேட்ட மனுஷன் “நெட் இழுக்குது” என்கிறாரே தவிர “மணி என்ன ஆச்சு, படுடா” என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? சொன்னால் முதலில் அவர் போனைக் கீழே வைக்க வேண்டும்.

அதே துப்பாக்கி, அதே மேப் (சண்டை நடக்கும் இடம்). அப்பா ஆடினால் டென்ஷன் குறைகிறது, பிள்ளை ஆடினால் கெட்டுப்போகிறான். நாள் முழுக்க ஸ்கூலும் டியூஷனுமாக உட்கார்ந்து வருகிறவனுக்கு டென்ஷனே இருக்காதா? ரம்மி ஆடாததையும் அவருடைய நல்ல குணத்தில் சேர்த்திருக்கிறீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டிலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மூடிய கடைக்குள் போகாததற்கு மாலை போட வேண்டியதில்லை.

அந்த நெட் சண்டையையும் பார்த்துவிடலாம். பி.ஜி.எம்.ஐ. ஒரு மேட்சுக்கு இழுப்பது சில பத்து எம்.பி. டேட்டா மட்டுமே. ஒரு மணி நேரம் எச்.டி.யில் படம் பார்த்தால் ஒரு ஜி.பி.க்கு மேல் போய்விடும். வீட்டு பிராட்பேண்டில் இரண்டு பேர் இந்த கேம் ஆடுவதால் மட்டும் நெட் திணறாது. திணறினால் வேறு காரணம் இருக்கும். கேம் அப்டேட் ஏதாவது பின்னால் இறங்கிக்கொண்டிருக்கலாம்; அது ஒரு ஜி.பி.யைத் தாண்டுவது சாதாரணம். யாராவது ஒருவர் போனிலிருந்து அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப்புக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். அப்லோடு அடைத்துக்கொண்டால் பிங், அதாவது சர்வரிலிருந்து பதில் வர ஆகும் நேரம், எகிறும். மோடம் ஹாலில், ஆட்டம் இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அங்கே சரியாகப் போய்ச் சேராது. 2.4-க்கு மாறினால் போய்ச் சேரும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபையும் காதில் மாட்டிய ப்ளூடூத்தும் அதே 2.4-இல்தான் நெரிசல் போடும். போட்டோ பேக்கப்பை விடிகாலைக்குத் தள்ளுங்கள், ஆடுகிறவர்கள் மோடம் இருக்கும் ஹாலுக்கு வரட்டும். நெட் சண்டை அதோடு சரி. அதற்குப் பிறகும் கத்தினார்கள் என்றால் வேறு எதற்கோ கத்துகிறார்கள்.

ஹாலுக்கு வரச் சொல்வது நெட்டுக்காக மட்டும் இல்லை. இந்த கேமில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாடு. உங்கள் பையன் யாரோ மூன்று பேரோடு, அவன் அப்பா யாரோ மூன்று பேரோடு. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, முகம் தெரியாதவன் குண்டடி பட்டு விழுந்தால் ஓடிப்போய் எழுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியும் எழுப்புகிறவன் சுட முடியாது, தன் உயிரைப் பணயம் வைத்துக் குனிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து வினாடியை அப்பா ஒரு தடவையாவது மகனுக்குக் கொடுத்திருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

கொடுக்கச் சொல்லுங்கள். மகனுடைய பிளேயர் ஐ.டி. எண்ணைத் தேடி நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் போதும், ஸ்குவாடுக்குக் கூப்பிடலாம். எராங்கல் மேப் வேண்டாம். அது 8-க்கு 8 கிலோமீட்டர், நூறு பேர், ஒரு ஆட்டம் முடிய அரை மணி நேரம். ஸ்கூல் நாளில் லிவிக் மேப்பில் ஆடட்டும்: 2-க்கு 2 கிலோமீட்டர், 52 பேர், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கும் நேரம் இல்லையா, டீம் டெத்மேட்ச் இருக்கிறது: நாலு பேருக்கு நாலு பேர், 40 கில் (எதிரியைச் சாய்ப்பது) அல்லது பத்து நிமிடம், எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. எட்டரைக்கு உட்கார்ந்தால் இரண்டு லிவிக், ஒன்பதே கால் ஆவதற்குள் போன் சார்ஜருக்குப் போய்விடும். சார்ஜர் இரண்டும் ஹாலில் இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். இரண்டும் என்றால் கணவருடையதும் சேர்த்துத்தான்.

மைக், ஸ்பீக்கர் இரண்டையும் ‘டீம்’ மட்டும் என்று வையுங்கள். ஸ்பீக்கரை ‘ஆல்’ என்று விட்டால் பக்கத்தில் ஓடும் எதிரி டீம்காரன் பேசும் கெட்ட வார்த்தை எல்லாம் பிள்ளை காதில் விழும். அவன் வழக்கமாக யாரோடு ஆடுகிறான், அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அப்பா ஒரே வாரத்தில் தெரிந்துகொள்வார். வாசலில் நின்று ஒட்டுக்கேட்டு உங்களால் ஆறு மாதத்திலும் தெரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் செய்கிற தப்பு ஒன்றும் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்குகிறீர்கள். இந்த கேமை நிறுத்திவைக்க முடியாது. தெருவில் கிரிக்கெட் நடக்கும்போது கீப்பரை மட்டும் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனால் மீதிப் பேர் என்ன சொல்வார்கள்? அதேதான் இங்கேயும். மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள், ராங்க் புள்ளி குறையும், மறுநாள் வகுப்பில் அவன்தான் திட்டு வாங்குவான். இரண்டு நாள் அவன் பேசாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதனால் “வர்றியா இல்லையா” என்று கேட்காதீர்கள், “எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?” என்று கேளுங்கள். திரையின் மேல் ஓரத்தில் அந்த எண் இருக்கும். எராங்கலில் அறுபது என்றால் இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், தோசைக்கல்லை அடுப்பில் வைக்காதீர்கள். பத்து, பன்னிரண்டு என்றால் ஐந்தாறு நிமிடம், கல்லைப் போடலாம். அவன் ஆள் செத்துப்போய், கூட்டாளிகள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் அந்த நிமிடமே எழுந்து வரலாம், சாக்கு எதுவும் செல்லாது. அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியும் என்று தெரிந்தாலே பாதிப் பொய் குறையும்.

அடுத்து, வயது. 18-க்குக் கீழே என்று பதிவு செய்தால் பெற்றோர் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சம்மதம் கேட்கும் ஏற்பாடும், நாளைக்கு 3 மணி நேரம்தான் என்ற கட்டுப்பாடும் இதில் உண்டு. அந்தக் கட்டுப்பாடு வேலை செய்யும் கணக்கில் இருக்கிற பையன் மாலையிலும் ஆடி நள்ளிரவிலும் ஆடுவது கஷ்டம். பெரியவர் என்று பதிந்திருப்பான், அல்லது அப்பாவின் எண்ணில் இருப்பான். திறந்து பாருங்கள். ஓ.டி.பி. வந்த அன்று எதற்கென்று கேட்காமல் படித்துச் சொன்னது யார் என்பதையும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

பணம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாதவர்கள் வீட்டில்தான் பெரும்பாலும் போகும். கேம் இலவசம், விற்பது யு.சி. என்கிற கேம் காசு. அதை வைத்து ஆட்டத்து ஆளுக்குச் சட்டையும் துப்பாக்கித் தோலும் (ஸ்கின்) வாங்குவார்கள். தோல் மாற்றினால் குண்டின் வேகம் அதிகமாகாது, அடியும் அதிகமாகாது. எம்416 துப்பாக்கிக்குப் பனி பூத்த மாதிரி ஒரு நிறம், பார்த்தவன் வாய் பிளப்பான், அவ்வளவுதான். அதிலும் பாதி, பெட்டியைத் திறந்தால் என்ன வருமோ என்கிற சீட்டுக் குலுக்கல். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதியில் ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்பதை எல்லாவற்றுக்கும் கேட்கும்படி வையுங்கள். யு.பி.ஐ. லைட் போட்டிருந்தால் அதில் சின்னத் தொகைக்கு ‘பின்’ (PIN) நம்பர் கேட்காது; பையன் கையில் போகும் போனில் அதை எடுத்துவிடுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டான் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளில் ரீஃபண்ட் கேளுங்கள், தள்ளிப்போட்டால் கஷ்டம். “பாதி விலைக்கு யு.சி.” என்று ஐ.டி.யும் பாஸ்வேர்டும் கேட்கிறவனிடம் கொடுத்தால் பணமும் போகும், அக்கவுன்ட்டும் போகும்.

“பேசாமல் அழித்துவிடு” என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள்; 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்துவிட்டது. காரணம் வேறு, தகவல் பாதுகாப்பு. ஆனாலும் அரசாங்கமே இரண்டு முறை எடுத்துப் பார்த்ததை நீங்கள் ஒரு விரலால் அழித்துவிடப் போகிறீர்களா?

இனி நீங்கள் கேட்ட பட்டியல். அப்பாவும் மகனும் சேர்ந்து ஆட முடியுமா என்பதை முக்கியமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் மைன்கிராஃப்ட். 2011-இல் வந்தது, 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, இன்னும் ஆடுகிறார்கள். போனில் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒருவர் உருவாக்கிய உலகத்துக்குள் இன்னொருவர் வந்துவிடலாம். வெளி ஆட்கள் இருக்கும் சர்வர் பக்கமே போக வேண்டாம். ‘சர்வைவல்’ என்று ஆரம்பியுங்கள். அதில் பகல் பத்து நிமிடம்தான். அதற்குள் மரத்தைக் கையால் குத்திக் கட்டை எடுத்து, பலகையாக்கி, நாலு பலகையில் ஒரு கைவினை மேசை செய்ய வேண்டும். ஆடு தேடி மூன்று கம்பளி, அதோடு மூன்று பலகை, ஒரு கட்டில். புதிதாக வருகிறவர்கள் சுரங்கம் தோண்டப் போய்விட்டு, இருட்டியதும் வீடும் கட்டிலும் இல்லாமல் சாவார்கள். இரண்டு பேர் என்றால் இரண்டு கட்டில் வேண்டும். ஒருவர் மட்டும் படுத்தால் இரவு நகராது, இருவரும் படுத்தால்தான் விடியும். இந்த விதியை உங்கள் வீட்டிலும் போடலாம்.

வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3, சென்னையில் செய்த கேம். எத்தனை ஓவர் என்று நாமே வைக்கலாம், நடுவில் நிறுத்திவைக்கலாம். விளம்பரம் தொல்லை கொடுக்கும், நெட்டை அணைத்துவிட்டு, கேமே ஆட்டும் எதிரணியோடு ஆடினால் குறையும்.

ஸ்டார்டியூ வேலி 2016-இல் ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. நிலத்தைச் சீர்செய்து, விதைத்து, தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து ஒரு பண்ணையை நடத்த வேண்டும். உள்ளே ஒரு நாள் என்பது நமக்குப் பதினான்கு நிமிடம் சொச்சம். கம்ப்யூட்டரில் ஆடும்போது, உள்ளே இருக்கும் ஆள் தூங்கப் போனால்தான் சேவ் ஆகும், அதனால் “இந்த நாள் முடிஞ்சதும் வர்றேன்” என்று பையன் சொன்னால் நம்பலாம். “அடுத்த நாள்” என்று ஆரம்பித்தால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டரில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம்.

கம்ப்யூட்டரோ பிளேஸ்டேஷனோ இருந்தால் இட் டேக்ஸ் டூ. 2021-இல் வந்து அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது. தனியாக ஆடவே முடியாது. ஒருவர் ஆணியை எறிந்தால் இன்னொருவர் அதில் சுத்தியலை மாட்டித் தொங்கிப் போக வேண்டும், இப்படியே கடைசிவரை. கதை, விவாகரத்துக்குத் தயாராகும் ஒரு கணவன் மனைவி பற்றியது. பையன் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் ஆடிப் பார்க்கலாம், நான் ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த கிளேர் அப்ஸ்கியூர், செப்டம்பரில் வந்த சில்க்சாங் என்று உலகமே கொண்டாடியவையும் இருக்கின்றன. நல்லவைதான், ஆனால் தனியாக உட்கார்ந்து ஆடுபவை. உங்கள் வீட்டில் தனித்தனி அறைக்குப் பஞ்சமில்லை, அவை இப்போது வேண்டாம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் கணவர் கையில் கொடுங்கள். உங்கள் வாயால் சொல்ல வேண்டாம். சொன்னால் அது பையனைப் பற்றிய புகாராக மாறிவிடும். படித்துவிட்டு “எனக்கு எங்கே நேரம் இருக்கு?” என்பார். பதினோரு மணிக்கு மேல் இருந்த நேரம்தான், கடையை அரை மணி முன்னால் பூட்டினால் எட்டரைக்கு வந்துவிடும்.