ரசம் நிற்கும் தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுச்சேரி மட்பாண்டக் கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கோவையில் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கேஸ் சூளையில் 1280 டிகிரி வரை சுட்டு, ஸ்டோன்வேர் எனப்படும் கல்போல் இறுகிய மண்தட்டுகளும் கிண்ணங்களும் செய்கிறேன். கண்காட்சிகளில் நன்றாகவே விற்கின்றன. ஆனால் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போனால் என் தட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. "இவ்வளவு அழகான பொருளில் சாம்பார் ஊற்ற மனம் வரவில்லை" என்கிறார்கள். சாப்பாடு எவர்சில்வர் தட்டில்தான். சிற்பம் செய்யும் நண்பர்களோ, தட்டு வனைவது கைத்தொழில், கலையில் சேராது என்கிறார்கள். புழங்கவும் வேண்டும், கலையாகவும் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது தவறா? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

க., கோவை

*

அன்புள்ள க.,

தவறே இல்லை. நல்ல ஆசை, கடினமான ஆசையும்கூட. ஆனால் உங்கள் தட்டு அலமாரிக்குள் போனதற்கு அதன் அழகுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. படங்களைப் பார்த்தேன். அகலமாக, கிடைமட்டமாக விரிந்த விளிம்பு, ஆழம் குறைந்த நடுப்பகுதி, சொரசொரப்பான மேற்பரப்பு. இது கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கிறவர்களுக்கென்று ஐரோப்பாவில் உருவான தட்டு. அங்கே உணவு நடுவில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். விளிம்பு தூக்கிப் பரிமாறுகிறவரின் விரலுக்கு இடம் தரும்.

நம் சாப்பாடு தட்டில் அசைந்துகொண்டே இருக்கிறது. முதலில் சோற்றுக் குவியல், அதன் மேல் சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர். ரசம் ஓடும். அதை நிறுத்த ஒரு சுவர் வேண்டும். வெண்கல வட்டிலுக்கும் எவர்சில்வர் தட்டுக்கும் எழும்பிய சுவர் இருப்பது அதனால்தான். விரல்கள் சோற்றைப் பிசைந்து, அந்தச் சுவர்மேல் சாய்த்து உருட்டித்தான் எடுக்கின்றன. உங்கள் தட்டில் அந்த உருட்டல் நடக்காது. சோறு விளிம்பேறி மேசையில் விழும். ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்த குடும்பம் இதை வாயால் சொல்லாது. அழகைப் புகழ்ந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை வடிவம். இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் எழும்புகிற சுவர் போதும். சுவரும் அடியும் சேருமிடத்தில் கூர்மையான மூலை வேண்டாம். அங்கே பருக்கை சிக்கும். காயும்போதும் சுடும்போதும் விரிசல் விடுகிற இடமும் அதுதான். விரல் நுனியின் வளைவுக்கு ஒத்த வளைவாக அது இருக்கட்டும். பச்சைமண்ணிலிருந்து சுட்டு முடிவதற்குள் ஸ்டோன்வேர் பத்திலிருந்து பதின்மூன்று சதவீதம் வரை சுருங்கும். சக்கரத்தில் தாராளமாகத் தோன்றுகிற வளைவு சூளையிலிருந்து வரும்போது இறுகியிருக்கும் என்பதை மனத்தில் வைத்து வனையுங்கள். தட்டு அகலமானால், அதன் அடியில் தாங்கி நிற்கிற ஒரே அடிவளையம் போதாது. 1280 டிகிரியில் மண் இளகும், நடுப்பகுதி தொய்யும். உள்ளே இன்னொரு சிறிய வளையம் சீவி விடுங்கள். எடையையும் பாருங்கள். மடியிலோ கையிலோ ஏந்திச் சாப்பிடுகிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் உருவத்தைப் பற்றியவை. சுவர் எந்தக் கோணத்தில் எழ வேண்டும், வளைவு எங்கே தொடங்க வேண்டும், உதடு எவ்வளவு தடிமனில் முடிய வேண்டும் என்று சிந்திக்கிறவர் சிற்பிதான். உங்கள் நண்பர்களும் அதே கேள்விகளோடுதான் வேலை செய்கிறார்கள். உங்கள் வேலையைத் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு நாளில் மூன்று வேளை இருக்கிறது. அவர்கள் சொல்வதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

ஜப்பானிய மட்பாண்டக் கலைஞர் ஷோஜி ஹமாதாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1920இல் ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குச் சென்று பட்டறை அமைக்க உதவியவர். ஜப்பான் திரும்பி 1924இல் மாஷிகோவில் குடியேறினார். அது சமையலறைப் பாத்திரங்கள் செய்கிற சாதாரண ஊர். அங்கே கிடைத்த மண், அங்கே கிடைத்த கல், அங்கே கிடைத்த சாம்பல் ஆகியவற்றைக் கொண்டே வேலை செய்தார். தன் பாத்திரங்களில் கையெழுத்திடுவதை விட்டுவிட்டார். 1955இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. தேநீர்க் கோப்பையும் தட்டும் செய்தவர் அவர். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் பூசிச் சுடுகிற கண்ணாடிப் பூச்சு. அவர் பயன்படுத்திய வெண்கிளேஸ் ஒன்றுக்கு நெல் உமிச் சாம்பல்தான் முக்கியப் பொருள். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உயர்வெப்பத்தில் அது பால்போன்ற வெண்மையைத் தரும். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தஞ்சாவூர் அரிசி ஆலைகளின் பின்புறம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் கிளேஸ் முழுவதும் பொட்டலமாக வாங்கிய கலவை என்று தெரிகிறது. உமிச் சாம்பலும் சவுக்குச் சாம்பலும் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. சலித்து, கழுவி, சோதனைத் துண்டுகளில் பாருங்கள். சவுக்குச் சாம்பல் போன்ற விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது கிளேஸை உருக்கி ஓடவிடும். அந்த ஓட்டத்தைக் கிண்ணத்தின் வெளிப்புறத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தட்டின் நடுவில் வேண்டாம்.

மேற்பரப்பு விஷயத்தில் நமக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. முள்கரண்டிக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். நாம் தட்டின் தோலைத் தொட்டுத்தான் சாப்பிடுகிறோம். ஆகவே உட்புறம் வழவழப்பாக அல்லது பட்டுப் போன்ற அரைப் பளபளப்போடு இருக்க வேண்டும். கரடான மேற்பரப்பு பிடிக்கும் என்றால் வெளிச்சுவரில் அதற்கு இடம் இருக்கிறது. நிறத்தையும் சோற்றை வைத்தே முடிவு செய்யுங்கள். எட்டு, பத்து சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்ந்த டென்மோகு என்ற கறுப்புக் கிளேஸில் தயிர்சாதம் வைத்துப் பாருங்கள். அந்த வெண்மை எவர்சில்வரில் கிடைக்காது. அதே இரும்பு ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டால் செலடான் என்ற பச்சைக் கிளேஸ் வரும். வாழையிலையில் சாப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு அந்தப் பச்சை சட்டென்று பிடித்துப்போகும்.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் என்று நம் உணவில் பாதி புளிப்பு. சரியாக உருகாத கிளேஸிலிருந்தும், செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்த கிளேஸிலிருந்தும் புளிப்பு உலோகத்தைக் கரைத்தெடுக்கும். உணவு படும் இடத்தில் ஈயம், காட்மியம், பேரியம் எதுவும் வேண்டாம். மாங்கனீசையும் தவிர்த்துவிடுங்கள். தட்டில் வினிகர் ஊற்றி 24 மணி நேரம் வையுங்கள். நிறமோ பளபளப்போ மாறினால் அந்தக் கிளேஸைத் தட்டின் உட்புறத்தில் பூசக்கூடாது. மாறாவிட்டாலும் விற்பதற்கு முன் ஆய்வகச் சோதனை அவசியம், கண்ணுக்குத் தெரியாத கசிவும் உண்டு. மெல்லிய வலைவிரிசல் விட்ட கிளேஸ் பூச்சாடிக்கு அழகு. சாப்பாட்டுத் தட்டில் அந்தக் கோடுகளுக்குள் மஞ்சளும் எண்ணெயும் இறங்கிவிடும். மண் முழுமையாக இறுகியதா என்றும் பாருங்கள். கிளேஸ் பூசாமல் சுட்ட துண்டை எடைபோட்டு, ஐந்து மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். நூறு கிராம் துண்டு இரண்டு கிராமுக்கு மேல் கூடினால் கலவையையோ வெப்பத்தையோ மாற்ற வேண்டும்.

ஸ்டோன்வேர் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் ஊறுகாய் ஜாடியைக் காட்டுங்கள். மேலே பழுப்பும் கீழே வெண்மையுமான அந்த ஜாடி ஸ்டோன்வேர்தான். உப்பையும் புளிப்பையும் வருடக்கணக்கில் தாங்கியது. நம் பாட்டிகள் அதை அலமாரியில் பூட்டவில்லை. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள், டெபோரா ஜப்பானில் மட்பாண்டக் கலை பயின்றவர். அந்தப் பட்டறை மேசைப் பாத்திரங்களைச் செய்தபடியே ஒரு தலைமுறைக் கலைஞர்களையும் உருவாக்கியது. சாப்பாட்டுத் தட்டும் கலைக்கூடச் சிற்பமும் ஒரே முற்றத்திலிருந்து வெளியே போயின. உங்கள் நண்பர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் அலமாரிக்கு ஒரு காரணம். சூளைப் பலகையில் ஒரு தட்டு அடைக்கிற இடத்தில் நான்கைந்து கோப்பைகள் நிற்கும். கோணலாகிப் போகிறவையும் தட்டுகளில்தான் அதிகம். ஆகவே விலையைக் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆறு தட்டுகளாக மட்டும் விற்காமல் ஒற்றைத் தட்டாகவும் கொடுங்கள். உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த உறுதி இருந்தால் மக்கள் துணிந்து புழங்குவார்கள். அதற்கு நீங்கள் ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வனைய வேண்டியிருக்கும். திரும்ப வனைவதில் கை தேறும். நூறாவது தட்டின் உதட்டில் வருகிற நிதானம் முதல் தட்டில் வராது.

அடிவளையத்தைச் சாணைக்கல்லால் தேய்த்துவிடவும். படத்தில் கரடாகத் தெரிகிறது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கீழ்த்தட்டைக் கீறிவிடும். உமிச் சாம்பல் சோதனை செய்தால், துண்டுகளின் படத்தைக் கலவை அளவோடு எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களுக்கும் உதவும், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.