தேநீர்க் கடைக் கணக்கும் இரண்டு மாறிகளும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளை நடத்தும்போது, மாணவர்கள் நீக்கல் முறையின் (ஒரு மாறியை நீக்கி மற்றதன் மதிப்பைக் காணும் முறை) படிகளைப் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள், ஆனால், ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றொன்றை ஏன் கழிக்கிறோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கடைக் கணக்குகளைக் கொண்டு இப்பாடத்தைத் தொடங்கலாமா?
– கணித ஆசிரியை ஒருவர், விழுப்புரம்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஆனால், முதல் இரண்டு வகுப்புகளுக்கு எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். விலை அச்சிட்ட பொருள்களையும் தவிர்த்துவிடுங்கள். "பொட்டலத்தைப் பார்த்தாலே விலை தெரியுமே" என்று பிள்ளைகள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். தேநீர்க் கடையில் கடைக்காரர் பெரும்பாலும் மொத்தத் தொகையை மட்டுமே சொல்வார் என்பதால், அதுவே நமக்கு ஏற்ற இடம்.

இரண்டு தேநீருக்கும் மூன்று வடைக்கும் 54 ரூபாய் என்று மட்டும் சொல்லி, ஒரு வடையின் விலையைக் கேளுங்கள். வடை 10, தேநீர் 12 என்பார் ஒருவர். வடை 8, தேநீர் 15 என்பார் இன்னொருவர். வடை 12, தேநீர் 9 என்றும் ஒரு விடை வரும். மூன்றுமே பொருந்துகின்றன. இந்தக் குழப்பத்தை உடனே தீர்த்துவைக்க வேண்டாம். இரண்டாவது சமன்பாடு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் உணரும் இடமே இதுதான்.

பிறகு அடுத்த மேசைக் கணக்கைச் சொல்லுங்கள்: இரண்டு தேநீர், ஐந்து வடை, 74 ரூபாய். தேநீர் இரண்டிலும் ஒன்றே. கூடியிருப்பது இரண்டு வடையும் 20 ரூபாயும் என்பதைக் கடைசி இருக்கையில் இருப்பவரும் கண்டுகொள்வார். அவர் செய்ததுதான் கழித்தல். அடுத்து, இந்த இரண்டாவது கணக்குக்குப் பதிலாக, நான்கு தேநீர், ஒரு வடை, 58 ரூபாய் என்று கொடுங்கள். இப்போது எதுவும் ஒத்துப்போகாது. முதல் மேசைக்காரர் அதே போல இரு மடங்கு வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், நான்கு தேநீர், ஆறு வடை, 108 ரூபாய் என்று வரும். மிஞ்சுவது ஐந்து வடையும் 50 ரூபாயும். சமன்பாட்டை ஓர் எண்ணால் பெருக்குவதன் பொருள் இவ்வளவே.

அந்த 108 ரூபாய்க் கணக்கையே இரண்டாவது தகவலாகக் கொடுத்தால் புதிதாக எதுவும் தெரியவராது. 108க்குப் பதில் 100 என்று மாற்றினாலோ எந்த விலையும் பொருந்தாது. எண்ணற்ற தீர்வுகள், தீர்வின்மை ஆகிய இரண்டையும் இங்கேயே காட்டிவிடலாம்.

எழுத்துகளைக் கொண்டுவரும்போது மிகுந்த கவனம் வேண்டும். எக்ஸ் என்பது தேநீர் அன்று, ஒரு தேநீரின் விலை. "இரண்டு எக்ஸ் என்றால் இரண்டு தேநீர்" என்று ஆசிரியரே வாய்தவறிச் சொல்லிவிட்டால், பிறகு வயதுக் கணக்குக்கும் தூரக் கணக்குக்கும் வரும்போது அந்த மாணவர் தடுமாறுவார்.

இறுதியாக, 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியரின் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 9 நாரத்தங்காயும் 7 விளாம்பழமும் 107. 7 நாரத்தங்காயும் 9 விளாம்பழமும் 101. கழிப்பதற்கு முன் இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள்: வகைக்குப் பதினாறு, 208, ஆகவே வகைக்கு ஒன்றாக வாங்கினால் 13. பிறகு கழித்தால், ஒரு நாரத்தங்காயின் விலை ஒரு விளாம்பழத்தின் விலையைவிட 3 அதிகம் என்று கிடைக்கும். எட்டையும் ஐந்தையும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.