லோயர் ஆர்ம் புஷ்: வீட்டுலயே மாத்தலாமா, கடைக்கு விடலாமா?

வணக்கமுங்க. கார் வேகத்தடையில இறங்கினா முன்பக்கம் 'டொக்'குங்குது, மெக்கானிக் லோயர் ஆர்மோட (சக்கரத்தைக் காரோட அடிப்பாகத்துல இணைக்கற இரும்புக் கை) மாத்தணும்கறார், அதுல இருக்கற ரப்பர் புஷ் மட்டும் நானே மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல சத்தம் புஷ்லதானான்னு பாருங்க. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுல கார் சாயாம பிடிக்கற கம்பியோட இணைப்பு) போனாலும் இதே சத்தம் வருமுங்க, அது சுலபமான வேலை. வண்டியைத் தூக்கி, அடியில தாங்கற இரும்பு ஸ்டாண்டுல நிறுத்தி ஆர்மைக் கம்பியால நெம்புங்க. ரப்பர் கிழிஞ்சு, நடுவுல இருக்கற இரும்புக் குழாய் ஒரு பக்கமா ஒதுங்கினா புஷ்தான்.

ஆர்மைக் கழட்டறது பெரிய வித்தை இல்லீங்க. புஷ்ஷை வெளிய தள்றதுதான் ரோதனை. வைஸ்ல (பட்டறை மேஜையில இருக்கற இடுக்கி) வச்சு மல்லுக்கட்டாதீங்க, ரப்பரைத் தீ வச்சு எரிக்கவும் வேண்டாம். கோயமுத்தூர்ல இருந்துட்டு புஷ்ஷை அழுத்தித் தள்ற பிரஸ் மெஷினுக்கா பஞ்சம்? கணபதிப் பக்கம் பட்டறையில கொடுத்தா அழுத்திக் கொடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பழைய புஷ் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு ஆர்ம் மேல கோடு போட்டுக்கங்க. புதுசு திரும்பி உக்காந்தா வேலை வீண்.

பால் ஜாயின்ட்டும் (ஆர்ம் சக்கரப் பக்கம் சேர்ற உருண்டை மூட்டு) ஆடுதுன்னா மெக்கானிக் சொல்றதுதான் நியாயம். முழு ஆர்மா வாங்கி மாட்டுங்க, பிரஸ் வேலையே கிடையாது.

நிறையப் பேர் கோட்டை விடறது கடைசி இறுக்கத்துல. சக்கரம் தொங்கறப்ப ஆர்ம் போல்ட்டை முழுசா இறுக்கிட்டா, வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் முறுக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும். பாரம் டயர்ல இறங்கின பிறகு டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து இறுக்கற ஸ்பேனர்) இறுக்குங்க.

அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்தைச் சரிபாக்கறது. அதைப் பாக்காம வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுக்குக் கிளம்பிராதீங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே வேண்டாமுங்க.