சோடி மாறும்போது

வணக்கம் அண்ணா,

டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பதினான்கு வயது. பாடசாலை அணியில் பட்மின்ரன் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறாள். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது சோடி. போன மாதம் பயிற்றுநர் திரும்பவும் மாற்றிவிட்டார். முந்திய சோடி பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. இப்போது இருவரும் கதைப்பதில்லை. மகள் றக்கற்றைத் தொடவே மாட்டேன் என்கிறாள். ஹிங்கிஸும் தொடக்க காலத்தில் ஆள் மாற்றி மாற்றி ஆடினார் என்று எழுதியிருந்தீர்கள். அது நம்பி நின்றவரைக் கைவிடுவது இல்லையா? நான் பயிற்றுநரிடம் போய்க் கதைக்கலாமா?

ஒரு தாய், சுன்னாகம்

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்றுநரிடம் இப்போதைக்குப் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல ஹிங்கிஸிடமே திரும்பவேண்டும். அந்தக் கட்டுரையில் அவருடைய சோடிகளின் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர்கள் யார் யார் என்பதையும் எழுதியிருக்கவேண்டும்.

1996 விம்பிள்டன். ஹிங்கிஸுக்கு அப்போது பதினைந்து வயதும் 282 நாட்களும். பக்கத்தில் நின்றவர் ஹெலெனா சுகோவா. 31 வயது, ஆறடிக்கு மேல் உயரம், அதே விம்பிள்டனில் ஏற்கெனவே மூன்று தரம் இரட்டையர் பட்டம் வென்றவர். இறுதி ஆட்டத்தில் முதல் செட் 5–7 என்று போனது. அடுத்ததை 7–5 என்று எடுத்தார்கள். மூன்றாவது 6–1. 1887இல் லொட்டி டொட் என்ற பெண் விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்றபோது இருந்த வயதை விட ஹிங்கிஸின் வயது மூன்றே நாட்கள் குறைவு. விம்பிள்டனின் மிக இளம் வெற்றியாளர் என்று எல்லோரும் அந்த மூன்று நாளைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டாவது செட்தான் பெரிது. முதல் செட்டை விட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, இப்படிப்பட்ட ஆட்டங்களை எத்தனையோ தரம் பார்த்த ஒருவர் கையெட்டும் தூரத்தில் நின்றார். அந்தத் துணை இல்லாமல் அந்தச் செட் திரும்பியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி 1998 ஜனவரி, மெல்பேர்ணில் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டி. ஹிங்கிஸுக்குப் பதினேழு வயது. பக்கத்தில் குரோவேசியப் பிள்ளை மிரியானா லூசிச். வயது பதினைந்து! இரண்டு வருடத்துக்குள் ஹிங்கிஸ் சுகோவாவின் இடத்துக்கு வந்துவிட்டார். வலைக்கு அந்தப் பக்கம் லின்ட்சே டவன்போர்ட்டும் நத்தாஷா ஸ்வெரேவாவும். இந்த ஸ்வெரேவாதான் முந்திய வருடம் இதே மெல்பேர்ணில் ஹிங்கிஸோடு சேர்ந்து பட்டம் வென்றவர். ஹிங்கிஸின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் 6–4, 2–6, 6–3 என்று பிள்ளைகள் இருவரும் வென்றார்கள்.

அதே வருடம் பாரிஸ், விம்பிள்டன், நியூயோர்க் மூன்றிலும் ஹிங்கிஸுக்குச் சோடி யானா நொவொட்னா. மூன்று இறுதி ஆட்டங்களிலும் எதிரே அதே டவன்போர்ட், அதே ஸ்வெரேவா. மூன்றையும் ஹிங்கிஸ் சோடியே வென்றது. 1997இல் அதே நியூயோர்க்கில் அமெரிக்கப் பட்டத்தை டவன்போர்ட் வென்றது யாரோடு சேர்ந்து? இதே நொவொட்னாவோடு. வலைக்கு இரு பக்கமும் நின்ற நால்வரில் நேற்றைய சோடிகள் இன்றைக்கு எதிரெதிரே. ஒரே வருடத்தில் இந்த நான்கு பெரிய போட்டிகளின் இரட்டையர் பட்டங்களையும் வென்றவர்கள் மிகச் சிலர். 1960இல் பிரேசிலின் மரியா புவேனோ வென்றார், அவரும் இரண்டு பேரோடு சேர்ந்துதான்.

1998 விம்பிள்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒற்றையர் அரையிறுதியில் ஹிங்கிஸும் நொவொட்னாவும் மோதினார்கள். முந்திய வருட இறுதி ஆட்டத்தில் நொவொட்னாவைத் தோற்கடித்தவர் ஹிங்கிஸ். இந்தத் தரம் நொவொட்னா வென்றார், பிறகு பட்டத்தையும் எடுத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகும் ஹிங்கிஸ் அவர் பக்கத்தில் போய் நின்றார். இரட்டையர் இறுதியின் மூன்றாவது செட்டை 8–6 என்று இருவரும் சேர்ந்து முடித்தார்கள். உங்கள் மகளிடம் வேறெதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

ஒருவரோடு மட்டும் ஆடிப் பழகினால் அவர் விடும் இடத்தை நிரப்பத்தான் பழகுவோம். நடுவால் வருகிற பந்து யாருக்கு, எப்போது முன்னே போவது, எப்போது பின்னுக்கு வருவது எல்லாம் இருவருக்குள் பேசாத ஒப்பந்தமாகிவிடும். அது சுகமானதுதான். ஆனால் பதினான்கு வயதில் அந்தச் சுகம் கொஞ்சம் பொல்லாதது. தன் ஆட்டம் எது, சோடியின் ஆட்டம் எது என்று பிள்ளைக்கே தெரியாமல் போய்விடும்.

இதை நான் வாசித்து மட்டும் அறியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்டது. அடுத்த வருடம் நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பினோம். என்னோடு சோடி ஆடிய நண்பனின் குடும்பம் வன்னிக்குப் போயிருந்தது. மின்சாரம் இல்லை, பின்னேரம் ஊரடங்கு. அதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், வெறும் காணியொன்றில் மீன்வலைத் துண்டைக் கட்டி பட்மின்ரன் ஆடுவோம். அவன் இல்லாமல் நான் ஆடப்போவதில்லை என்றுதான் முதலில் இருந்தேன். பக்கத்து வீட்டு மாஸ்டர்தான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஐம்பது வயதுக்கு மேல், ஓடமாட்டார். "தம்பி நீ பின்னால நில், முன்னால விழுறதை நான் பாக்கிறன்" என்பார். அதுவரை வலையடியைவிட்டு நகராதவன் நான். அந்த ஆறேழு மாதத்தில் பின்பக்க ஆட்டம் முழுவதையும் அவர் பக்கத்தில் நின்று கற்றேன். கப்பலில் வந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் சுகோவாவும் ஹிங்கிஸும் கோப்பையோடு நின்ற படத்தைப் பார்த்ததும் அப்போதுதான். எனக்கு எங்கள் மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

2002இல் வன்னியூடாக யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்த பிறகு நண்பன் வந்தான். அதே காணியில் சேர்ந்து ஆடினோம். அவனும் அங்கே வேறு ஆட்களோடு ஆடிப் பழகியிருந்தான். நடுவால் வந்த முதல் ஷட்டிலுக்கு இருவரும் ஒன்றாகப் பாய்ந்து றக்கற்றுகள் முட்டிக்கொண்டன. அன்றைக்குச் சிரித்ததுபோல நான் அதிகம் சிரித்ததில்லை.

சரி, கைவிடுதல் பற்றிக் கேட்டீர்கள். அது இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று பெரிய பட்டங்களுக்குப் பிறகு ஹிங்கிஸ் நொவொட்னாவை விட்டுப் பிரிந்தபோது, அவருடைய வயதையும் வேகத்தையும் குறைத்துப் பேசினார் என்று செய்தி வந்தது. சோடி மாற்றியதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. நொவொட்னா 2017இல், 49 வயதில் காலமானபோதும் அதுதான் முதலில் மனதில் வந்தது. பின்னாளில் சோடியாக ஆடிய இந்தியாவின் சானியா மிர்சாவும் ஹிங்கிஸும் 2016 ஓகஸ்டில் பிரிந்தார்கள். உடனேயே சின்சினாட்டி இறுதியில் வேறு வேறு சோடிகளோடு எதிரெதிரே நின்றார்கள், சானியா வென்றார். அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூரில் இருவரும் மறுபடி ஒரே பக்கத்தில் ஆடினார்கள்.

அதனால் நீங்கள் போகவேண்டியது அந்தச் சிநேகிதியின் வீட்டுக்கு. கழற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அவளுக்குத்தான் கூட இருக்கும். ஏன் மாற்றினார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். ஒரு ஞாயிறு காலை இரண்டு பேரையும் எங்காவது ஆடவிடுங்கள், எதிரெதிரே, ஒற்றையர். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கவேண்டாம். புதுச் சோடிப் பிள்ளையையும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.