ஸ்கோப்பை மாற்றும் முன் மவுண்டைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். தெரிந்தவர் ஒருவர் பழைய 3-9x40 ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. லென்ஸ்) போட்டுக் கொடுத்தார். 10 மீட்டரில் நாலைந்து பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சரியாக விழுகிறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது. ஸ்கோப் போய்விட்டது, பெரிதாக ஒன்று வாங்கலாம் என்கிறார் அவர். பையனுக்குப் போட்டியில் கலந்துகொள்ளவும் ஆசை. வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்டில்தான் கோளாறு. ஸ்கோப்பின் உள்பாகம் உடைந்திருந்தால் குண்டு ஒரு ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் விழும்.

ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை அதிரும். முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இந்த இரண்டாவது அதிர்வில், துப்பாக்கியின் மேலுள்ள ரெயிலில் (மவுண்ட் மாட்டும் பள்ளத்தில்) மவுண்ட் மெல்லப் பின்வாங்கும். துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்பக்க மவுண்டை ஒட்டி ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இருபது பெல்லட் சுட்டுவிட்டுப் பாருங்கள். கோட்டுக்கு மேல் மவுண்ட் ஏறியிருந்தால் கோளாறு அதுதான். ரெயிலிலும் மவுண்டின் அடியிலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் சின்ன ஆணி) உள்ள மவுண்டாகப் போடுங்கள். ரெயிலின் மேலுள்ள சின்னத் துளையில் அந்தப் பின் உட்கார வேண்டும். அப்படியே துப்பாக்கிக் கட்டையின் ஸ்க்ரூக்களையும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

மவுண்டில் ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் விஷயத்தில்தான் மக்களை ஏமாற்றுகிறார்கள். ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ. ஆக இருக்கும், கையில் இருக்கும் ரிங் 30 மி.மீ. ஆக இருக்கும். இடைவெளியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தள்ளிவிடுவார்கள். ரிங்கின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிசுபிசுவென்று சுருண்ட டேப் இருந்தால் சரியான அளவு ரிங் கேளுங்கள். போடும்போது ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும், அப்புறம் அந்த ஸ்கோப் உண்மையாகவே போய்விடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விலகினால் ஸ்கோப்பைச் சோதியுங்கள். பெல்லட் தேவையில்லை. துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் பதித்து, 10 மீட்டரில் கிராஃப் தாளை ஒட்டுங்கள். ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகில் 1/4 MOA (கோண அளவு) என்று இருந்தால் ஒரு கிளிக்குக்கு இந்தத் தூரத்தில் சுமார் 0.7 மி.மீ.; 40 கிளிக் திருப்பினால் குறுக்குக்கோடு ஏறக்குறைய 3 செ.மீ. நகர வேண்டும். திரும்ப 40 கிளிக் வைத்தால் பழைய கட்டத்துக்கே வர வேண்டும். வரவில்லையா, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

துப்பாக்கிக்குப் பில் இருக்கிறதா? 2016 ஆயுத விதிகளின்படி குழல் துளை .177 அங்குல அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். அந்த 20 ஜூலை அளந்து காட்டும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. விதி போட்டவர்கள், சாதாரண மனிதன் இதை எங்கே போய் அளப்பான் என்று யோசித்திருக்க வேண்டாமா? அளவும் சக்தியும் எழுதிய பில்லையாவது கேட்டு வாங்கி வையுங்கள். இடைத்தரகர் தர மாட்டார், கடைக்காரர் தர வேண்டும்.

கடைசியாகப் போட்டி. சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. ஜூனியருக்கும் கிடையாது, சீனியருக்கும் கிடையாது. சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட் மட்டும்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் அப்படித்தான். போட்டியின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ.; அதையே வெறும் துளை வழியாகத்தான் குறிபார்க்கிறார்கள். அங்கே பயன்படுவது அழுத்தக் காற்றுத் துப்பாக்கி, உங்களிடம் இருப்பது போன்ற ஸ்பிரிங் துப்பாக்கி இல்லை. இது தெரியாத பெற்றோரிடம் "போட்டிக்கு நல்ல ஸ்கோப்" என்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பையனை மாவட்ட ரைஃபிள் கிளப்புக்குக் கூட்டிப்போங்கள், அங்குள்ள துப்பாக்கியில் சில மாதம் பழகட்டும். ஸ்கோப்புக்கு எடுத்து வைத்த பணம் கிளப் கட்டணத்துக்கும் பெல்லட்டுக்கும் ஆகும்.